பெட்டியோடு என்னென்ன வர வேண்டும்?

பொகவந்தலாவைக் கடைத்தெருவில் அரிசி, பருப்பு முதல் பெருநாள் துணிமணி வரை வாங்கிவிடலாம். பிள்ளைக்கு ஒரு கணினி என்று வந்துவிட்டால் மட்டும், பெரும்பாலான குடும்பங்கள் நோர்வூட், டிக்கோயா வழியாக ஹட்டனுக்கோ, அதற்கும் அப்பால் கண்டிக்கோ கொழும்புக்கோதான் போகின்றன. சீட்டுக் கட்டி எடுத்த காசோ, வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய காசோ, எப்படியோ சேர்த்த பணம் அது. கடைக்காரர் பெட்டியை ஒட்டிக் கையில் தரும்போது, “எல்லாம் போட்டுத் தந்திருக்கிறேன்” என்று ஒரு வார்த்தை சொல்வார். நாமும் நிம்மதியாக பஸ் ஏறிவிடுவோம்.

அந்த “எல்லாம்” என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது? என்ன இருக்க வேண்டும்? எது இருக்கக் கூடாது? அன்புச் சகோதரிகளே, காசு கொடுப்பவர்கள் நாம். பிள்ளை அதன் முன்னால் உட்காரும்போது பக்கத்தில் இருக்கப் போகிறவர்களும் நாம். இதைத் தெரிந்து வைத்திருப்பது நமது பொறுப்பு.

வீடும் வீட்டுச் சாமானும்

கணினி என்ற இரும்புப் பெட்டி தானாக எதுவும் செய்யாது. அதை எழுப்பி, திரையில் காட்டி, விசைப்பலகையில் அடிப்பதை வாங்கி, கோப்புகளை ஒழுங்காக அடுக்கி வைப்பது ஒரு தாய் மென்பொருள். பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இதனைப் ‘பணிசெயல் முறைமை’ என்பார்கள். ‘இயங்குதளம்’ என்றும் சொல்வதுண்டு. கடைகளில் நாம் காணும் விண்டோஸ், அப்பிள் கணினியின் மெக் ஓ.எஸ்., இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ், போனில் உள்ள அண்ட்ரொய்ட் எல்லாமே இவ்வகைதான். கடிதம் எழுதுவது, இணையம் பார்ப்பது, வைரஸ் தடுப்பது போன்ற வேலைகளைச் செய்பவை அதன் மேல் ஏறி நிற்கும் தனித்தனி மென்பொருள்கள்.

ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கிறோம். கதவும் பூட்டும் தண்ணீர்க் குழாயும் வீட்டோடு வர வேண்டும் என்று எதிர்பார்ப்போம். திரைச்சீலை, கட்டில், அலுமாரி நமது விருப்பம். வீட்டுக்காரர் தன் விருப்பத்துக்கு ஒரு சோபாவைப் போட்டு, “இதை எடுக்கவே கூடாது, வேறு வாங்கினாலும் இது இங்கேதான் கிடக்கும்” என்றால் நமக்குக் கோபம் வருமா, வராதா?

கணினிக்கும் இதே அளவுகோல் போதும். எது இல்லாவிட்டால் மற்றதைத் தேடி எடுக்கவும் முடியாதோ, அது பெட்டியோடேயே வர வேண்டும். எதை நாமே பார்த்து எடுத்துக்கொள்ள முடியுமோ, அதை நமது விருப்பத்துக்கு விட வேண்டும். உள்ளே போட்டுத் தந்தாலும் வேண்டாமென்றால் கழற்றிவிட முடிய வேண்டும்.

கொழும்பில் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. இல்லாததை ஐந்து நிமிடத்தில் தரவிறக்கம் செய்துகொள்வார். மலைநாட்டுத் தோட்டங்களில் கதை வேறு. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, சிக்னல் தேடிப் பிள்ளைகள் மேட்டிலும் பாறையிலும் ஏறி நின்றதை நாடே பார்த்தது. பெட்டியோடு வராதது மலைக்கு வந்து சேருவது அவ்வளவு சுலபமில்லை.

‘உம்மா’ என்று எழுத முடியாத காலம்

பெட்டியோடு வர வேண்டியவற்றில் முதலாவது நமது தாய்மொழி. இது இன்று எல்லோருக்கும் சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் 1990களில் விண்டோஸ் கணினி வாங்கினால் அதில் தமிழ் இருக்கவில்லை. தமிழ் எழுத்துருவை, அதாவது ‘பொண்ட்’டை, வெளியிலிருந்து கொண்டுவந்து போட வேண்டும். இலங்கையில் பலரும் போட்டது ‘பாமினி’.

பாமினி போன்ற எழுத்துருக்கள் ஒரு தந்திரம் செய்தன. கணினியைப் பொறுத்தவரை நாம் அடித்தது ஆங்கில எழுத்துத்தான்; திரையில் மட்டும் அதற்குத் தமிழ் முகம் போட்டுக் காட்டப்பட்டது. மகன் கத்தாரிலிருந்து ‘உம்மா’ என்று பாமினியில் எழுதி அனுப்புவான். இங்கே பாமினி இல்லாத கணினியில் திறந்தால் சீ, கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலக் குறிகள் வரிசையாக நிற்கும். தமிழ்நாட்டில் வேறு எழுத்துருக்கள், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேறு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசிக்க, இருவரிடமும் ஒரே எழுத்துரு இருந்தாக வேண்டும் என்ற நிலை!

உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான யுனிகோட் என்ற குறிமுறை 1991இல் வெளிவந்தபோதே அதில் தமிழுக்கு இடம் இருந்தது. இடம் இருந்து என்ன பயன்? கணினிக்குள் வர வேண்டுமே! விண்டோஸில் தமிழ் முதன்முதலாக உள்ளேயே வந்தது விண்டோஸ் 2000 பதிப்பில்தான். ‘லதா’ என்ற தமிழ் எழுத்துரு அதனோடு வந்தது.

அதற்கு அடுத்து 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலும் தமிழ் இருந்தது. ஆனால் பூட்டியே இருந்தது. மொழி அமைப்புப் பக்கத்துக்குப் போய், ஒரு சிறு கட்டத்தில் அடையாளமிட்டு, விண்டோஸ் இறுவட்டைப் போட்டால்தான் தமிழ் சரியாகத் தெரியும். அரபு மொழிக்கும் அதே கட்டம்தான். குர்ஆன் வசனத்தை அரபு எழுத்திலும் அதன் பொருளைத் தமிழிலும் தட்டச்சுச் செய்ய நினைத்த ஒருவருக்கு, இரண்டு மொழியும் அந்த ஒரே கதவுக்குப் பின்னால் இருந்தன. எத்தனை வீட்டில் அந்த இறுவட்டு இருந்தது? கடைக்காரர் போட்டுக் கொடுத்ததோடு சரி. அதனால் கணினிக்குள் தமிழ் இருப்பது தெரியாமலேயே பாமினியோடு காலத்தை ஓட்டியவர்கள் ஏராளம். 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோதுதான் இந்தப் பூட்டு நீங்கி, கணினியைத் திறந்த உடனேயே தமிழ் தெரிந்தது.

வாசிக்க முடிந்தால் போதாது, எழுதவும் வேண்டும். விண்டோஸில் வந்த தமிழ் விசைப்பலகை, இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுக்கப்பட்ட இன்ஸ்கிரிப்ட் முறை. நம்மில் பலருக்கு அது பழக்கமில்லை. தமிழ்நாட்டு அரசு 1999இலேயே ‘தமிழ் 99’ என்ற விசைப்பலகையை ஏற்றுக்கொண்டுவிட்டது. அது விண்டோஸ் 10க்குள் வந்தது 2019இல்! இருபது ஆண்டுகள். அப்பிள் நிறுவனம் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய தமிழ் வசதிகளைத் தனது மெக் கணினிகளில் அதற்கு வெகு முன்பே சேர்த்திருந்தது. ஆகவே முடியாத காரியமாக அது இருந்ததில்லை. கேட்பவர் குரல் எட்டவில்லை, அவ்வளவுதான்.

அந்த இடைக்காலத்தில் தமிழர்களை எழுத வைத்தவை அழகி, எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருள்கள். பாமினியில் பழகிய கைகளுக்கு என்.எச்.எம். ரைட்டரில் அதே விசை அமைப்பில் யுனிகோட் எழுதும் வசதியும் இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவற்றைத் தேடி எடுப்பதற்கும் இணையம் வேண்டும். தேடத் தெரிந்திருக்க வேண்டும். அதுவும் ஆங்கிலத்தில் தேடத் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு தாய் தமிழைப் பெறுவதற்கு ஆங்கிலம் கற்க வேண்டியிருந்தது. மேலே சொன்ன அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள், விளங்கும்.

பார்வையற்ற பிள்ளைகளின் நிலையும் இதுதான். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் இல்லாவிட்டால், அந்த மென்பொருளைத் தேடி எடுத்துப் போடவும் அவர்களால் முடியாது. விண்டோஸ் 2000இலிருந்து ‘நரேட்டர்’ என்ற சிறிய வாசிப்பான் கூடவே வருகிறது. அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருள் அதனிலும் கூடிய வசதிகளோடு கிடைக்கிறது. அதனைத் தமிழிலும் வாசிக்க வைக்கலாம்.

கதவுக்குப் பூட்டு

இரண்டாவது பாதுகாப்பு. இதற்கும் ஒரு கதை உண்டு. விண்டோஸ் எக்ஸ்பியோடு ‘ஃபயர்வோல்’ என்ற தடுப்புச் சுவர் கூடவே வந்தது. ஆனால் அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. 2003 ஆகஸ்டில் ‘பிளாஸ்டர்’ என்ற புழு உலகெங்கும் கணினிகளுக்குள் புகுந்தது. யாரும் எந்தக் கோப்பையும் திறக்க வேண்டியதில்லை. இணையத்தில் இணைந்திருந்தாலே போதும், வந்து புகுந்துகொள்ளும். கணினி தானாக அணைந்து அணைந்து எழும்பும். அடுத்த ஆண்டு, 2004இல், எக்ஸ்பியின் இரண்டாவது திருத்தப் பொதி வந்தபோது அந்தச் சுவர் தானாகவே இயங்கும்படி செய்யப்பட்டது. பூட்டு இருந்தால் மட்டும் காணாது, பூட்டியும் இருக்க வேண்டும் என்ற பாடத்தை அந்தப் பெரிய நிறுவனமும் இப்படித்தான் படித்தது.

வைரஸ் கார்ட் விடயமும் அப்படியே. நீண்ட காலம் அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ‘டிஃபென்டர்’ என்ற வைரஸ் கார்ட் கூடவே வருகிறது. சாதாரண வீட்டுப் பாவனைக்கு அது போதுமானது. புதுக் கணினிகளில் சில வேளை வேறொரு வைரஸ் கார்டின் தவணைப் பதிப்பையும் போட்டு அனுப்புகிறார்கள். ஒரு மாதமோ சில மாதமோ ஓடிய பிறகு, “காசு கட்டுங்கள், இல்லாவிட்டால் ஆபத்து” என்று திரையில் பயமுறுத்தும். பயப்பட வேண்டாம். அதனை நீக்கிவிட்டால் டிஃபென்டர் தன் வேலையைத் தொடரும்.

கூடவே வந்தால் இலவசமா?

அப்படியானால் எல்லாவற்றையுமே உள்ளே போட்டுத் தந்துவிட்டால் நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

தோட்டத்தில் அரிசி கொடுத்த காலத்தை மூத்தவர்கள் அறிவார்கள். அரிசி தோட்டத்திலேயே கிடைத்தது. கடை தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் அதன் விலை சம்பளத்தில் வெட்டப்பட்டது. என்ன அரிசி, என்ன விலை என்று பேரம் பேச இடமிருக்கவில்லை. கணினியில் இலவசமாக வரும் பலவும் இந்த வகைதான். விலை வேறு வழியில் வெட்டப்படும்.

1990களின் நடுப்பகுதியில் இணையம் பார்க்கப் பலரும் பாவித்தது ‘நெட்ஸ்கேப்’ என்ற உலாவி. மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது ‘இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்’ உலாவியை விண்டோஸோடு இணைத்து இலவசமாகக் கொடுத்தது. கணினியைத் திறந்தாலே அது முன்னால் நிற்கும்போது, வேறொன்றை யார் தேடிப் போவார்கள்? நெட்ஸ்கேப் நொடித்துப் போனது. 1998 மே மாதத்தில் அமெரிக்க அரசும் பல மாநிலங்களும் மைக்ரோசொப்டுக்கு எதிராக வழக்குத் தொடுத்தன. நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்கும்படி 2000இல் நீதிபதி உத்தரவிட்டார். 2001இல் மேல் நீதிமன்றம் பிரிக்கும் உத்தரவை நீக்கியது. ஆனால் சட்டவிரோத வழிகளால் தன் ஏகபோகத்தைக் காப்பாற்றிக்கொண்டது என்ற தீர்ப்பை உறுதி செய்தது.

ஐரோப்பாவில் பாட்டும் படமும் ஓட்டும் ‘மீடியா பிளேயர்’ பற்றி வழக்கு வந்தது. 2004இல் 49 கோடி 70 இலட்சம் யூரோவுக்கும் மேல் அபராதம் விதித்து, மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸ் ஒன்றையும் விற்கும்படி கட்டளையிட்டார்கள். அப்படியே விற்பனைக்கு வந்தது. வாங்குவார் இல்லை! விலை குறையவில்லை, சாமான் மட்டும் குறைந்தது என்றால் யார்தான் வாங்குவார்கள்?

பின்னர் ஐரோப்பியர் வேறு வழியைப் பிடித்தார்கள். 2010 முதல் கணினியின் திரையில் பல உலாவிகளின் பெயரைக் காட்டி, “எது வேண்டும்?” என்று கேட்க வைத்தார்கள். இடையில் பல மாதங்கள் அந்தத் திரையைக் காட்டாமல் விட்டதற்காக 2013இல் இன்னொரு 56 கோடி 10 இலட்சம் யூரோ அபராதமாயிற்று. கூடவே வருவதைத் தடுப்பதைவிட, வாங்கியவரிடம் ஒரு வார்த்தை கேட்பதே நல்ல தீர்வு என்பது இதிலிருந்து தெரிகிறது.

போன் விடயமும் வேறல்ல. நமது வீடுகளில் முதல் கணினி உண்மையில் போன்தானே! தனது செயலிகளைக் கட்டாயமாகச் சேர்க்க வைத்ததற்காக கூகுள் நிறுவனத்துக்கு 2018இல் ஐரோப்பாவில் 434 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. 2022 ஒக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் 1337 கோடி இந்திய ரூபாவுக்கும் மேல் விதித்தது. நமக்கு இதில் என்ன என்று விட்டுவிட வேண்டாம். அழிக்க முடியாத செயலிகள் போனின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால் பிள்ளையின் பாடக் குறிப்புக்கு இடமில்லாமல் போவது நமது வீட்டுப் பிரச்சினை.

வந்துகொண்டிருந்ததும் நின்றுபோனது

தேவையில்லாதவை கூடிக்கொண்டிருக்க, தேவையான ஒன்று சத்தமில்லாமல் போய்விட்டது. விண்டோஸ் 95 காலத்திலிருந்து ‘வேர்ட்பேட்’ என்ற சிறிய எழுத்து மென்பொருள் கூடவே வந்துகொண்டிருந்தது. கடிதம், விண்ணப்பம், பிள்ளையின் கட்டுரை எழுத அது போதும். 2024இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து அதனை நீக்கிவிட்டார்கள். இப்போது புதுக் கணினியோடு வருவது ‘நோட்பேட்’. அது குறிப்பெழுதும் சிட்டைத் துண்டு மாதிரி. ‘வேர்ட்’ வேண்டுமென்றால் ஆண்டுக்கு ஆண்டு சந்தா, அல்லது ஒரேயடியாக விலை. புதுக் கணினியில் வேர்ட் இருக்கிறதே என்று மகிழ்ந்தால், பல வேளை அது தவணைப் பதிப்பாக இருக்கும்.

இன்னொன்று. 2021இல் வந்த விண்டோஸ் 11இன் வீட்டுப் பதிப்பு, முதல் தடவை திறக்கும்போதே இணைய இணைப்பையும் மைக்ரோசொப்ட் கணக்கையும் கேட்கிறது. சிக்னல் இல்லாத வீட்டுக்குப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

“எல்லாம் போட்டு”த் தருவது ஹக்கா?

இங்கேதான் கடைக்காரரின் “எல்லாம்” உதவிக்கு வருகிறது. விலை உயர்ந்த மென்பொருள்களைப் பூட்டு உடைத்துப் போட்டுக் கொடுப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. கஷ்டப்பட்ட குடும்பம் வேறென்ன செய்யும் என்று கேட்பவர்களும் உண்டு.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் பாதுகாக்கிறது. மார்க்கத் தரப்பிலும் இது பேசப்பட்ட விடயமே. 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, நூலுரிமை, கண்டுபிடிப்பு உரிமை போன்றவை ஷரீஅத்தின்படி பாதுகாக்கப்பட்ட உரிமைகள், அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. மென்பொருளும் ஒருவருடைய உழைப்பின் பலன்தானே. மற்றவர் ஹக்கில் கை வைக்காமல் பிள்ளைக்குக் கல்வி கொடுக்க வழியில்லை என்றிருந்தால் கவலைப்படலாம். வழி இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

மேலும், பூட்டு உடைக்கும் கருவிகள் பல, முதலில் டிஃபென்டரை அணைக்கச் சொல்லும். வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் திருடனிடமே சாவியைக் கொடுத்த மாதிரித்தான். வாப்பாவின் வங்கி விபரமும் பிள்ளைகளின் படங்களும் இருக்கும் கணினி அது.

நேர்மையான வழி என்ன? எழுத்து வேலைக்கும் கணக்குக்கும் ‘லிப்ரே ஒபிஸ்’ இலவசமாகக் கிடைக்கிறது. வேர்ட் கோப்புகளையும் அது திறக்கும். தையல் வேலை செய்யும், கேக் அடித்து விற்கும் சகோதரிகளுக்குக் கணக்கு வைக்க அதிலேயே அட்டவணை மென்பொருளும் உண்டு. விண்டோஸுக்கே காசில்லை என்றால் உபுன்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்கள் இருக்கின்றன. உபுன்டுவின் இறுவட்டை 2011 வரை கேட்டவர்களுக்குத் தபாலில் இலவசமாகவே அனுப்பினார்கள். இன்று ஒரு பென் ட்ரைவில் போட்டுக்கொள்ளலாம். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினியைத் தூக்கிப் போடாமல் பாவிக்க இது ஒரு நல்ல வழி.

கடையில் கேட்க வேண்டியவை

பெட்டியை ஒட்டுவதற்கு முன், கடையிலேயே, அங்குள்ள இணையத்திலேயே இவற்றைச் செய்து வாங்குங்கள்.

1. விண்டோஸ் உரிமம் உள்ளதா? அதன் விலை பற்றுச்சீட்டில் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா?

2. முதல் தடவைத் திறப்பையும் கணக்குப் பதிவையும் அங்கேயே முடியுங்கள். கணக்கின் கடவுச்சொல்லை நீங்களே போட்டு, வீட்டில் எழுதி வையுங்கள்.

3. தமிழ் விசைப்பலகையைச் சேர்க்கச் சொல்லுங்கள். பிள்ளையின் பெயரைத் தமிழில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அரபு தேவையென்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. எழுதும் மென்பொருள் முழுமையானதா, தவணைப் பதிப்பா? தவணையென்றால் லிப்ரே ஒபிஸைப் போடச் சொல்லுங்கள்.

5. டிஃபென்டர் இயங்குகிறதா? வேறு வைரஸ் கார்டின் தவணைப் பதிப்பு இருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

6. பிள்ளைக்குத் தனிக் கணக்கு ஒன்று திறந்து, பெற்றோர் கட்டுப்பாட்டை அமைக்கச் சொல்லுங்கள். 2007இல் வந்த விஸ்டா முதல் இவ்வசதி விண்டோஸில் இருந்து வருகிறது. பல வீடுகளில் யாரும் திறந்தே பார்த்ததில்லை.

7. தேவையற்ற விளையாட்டுகளையும் விளம்பரச் செயலிகளையும் உங்கள் கண் முன்னாலேயே கழற்றச் சொல்லுங்கள்.

இந்த ஏழில் எதற்கும் பெரிய காசு செலவில்லை. கேட்பதற்கு வாய் ஒன்றுதான் வேண்டும். “உங்களுக்கு விளங்காது, தங்கச்சி” என்று கடைக்காரர் சொன்னால், பொறுமையாக மூன்றாவதில் தொடங்குங்கள். “முதலில் என் மகளின் பெயரைத் தமிழில் அடித்துக் காட்டுங்கள், நானா” என்று கேளுங்கள். அதைச் செய்து காட்டிய பிறகு காசைக் கொடுங்கள்.